அபயச் சீட்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். வார்சாவில் பீரங்கிப் பயிற்சி பெற்ற நாட்களில் வரைபடத்தின் ஓரக் குறிப்புகளை எழுத என்னைத்தான் உட்காரவைப்பார்கள். பத்தொன்பது வயதில் அது பெருமையாக இருந்தது. பின்னாளில், டிரான்சில்வேனியாவில், தளபதி யூசெஃப் பெம் வலக்கை நடுவிரலை இழந்தபோது, பிரெஞ்சும் ஜெர்மனும் தெளிவாக எழுதக்கூடிய ஒரு போலிஷ் அதிகாரியைத் தேடினார்கள். அப்படித்தான் பீரங்கியை விட்டு மேசைக்கு வந்தேன். சுட்ட குண்டுகளுக்கு என்னிடம் கணக்கில்லை. அந்த மேசையில் எழுதிய சீட்டுகள் மட்டும் இந்த வயதிலும் இரவில் வந்து எழுப்புகின்றன.

இப்போது எனக்கு 63 வயது. இஸ்தான்புல்லுக்கு எதிரே ஆசியக் கரையில், காட்டுக்குள் இருக்கிறது எங்கள் கிராமம். நாடிழந்த போலிஷ்காரர்களுக்காக 1842-இல் இளவரசர் ஆதாம் சார்டோரிஸ்கியின் முயற்சியில் உருவான குடியிருப்பு. அவர் பெயராலேயே ஆதாம்போல் என்கிறோம். மரம் வெட்டி, நிலம் திருத்தி, மாடு வளர்த்து வாழ்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பூசை உண்டு. குழந்தைகள் துருக்கியும் பேசுகிறார்கள், போலிஷும் பேசுகிறார்கள். நான் அவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தருகிறேன்.

முதலில் பெம்மைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தலைமுறையில் அவரைப் பின்தொடர்ந்து போனவர்கள் ஏன் போனோம் என்பது, ஆஸ்ட்ரோவென்காவைப் பார்க்காதவருக்குப் புரியாது.

1830 நவம்பர் 29 இரவு வார்சாவில் எழுச்சி தொடங்கியது. ஜார் மன்னரின் ஆட்சிக்கு எதிராக முதலில் கிளம்பியவர்கள் காலாட்படைப் பயிற்சிப் பள்ளி இளைஞர்கள். பத்து மாதம் போரிட்டோம். 1831 மே 26-இல் நாரெவ் ஆற்றங்கரையில் ஆஸ்ட்ரோவென்கா. ரஷ்யர்கள் பாலத்தைக் கடந்து இக்கரைக்கு வந்துவிட்டார்கள். நம் காலாட்படை அலை அலையாகப் போய் மோதி, அலை அலையாக விழுந்தது. பொழுது சாயும் நேரத்தில் படை முழுவதுமே அழிந்துவிடும் நிலை. அப்போது பெம் லெப்டினன்ட் கர்னல். 4-வது குதிரைப் பீரங்கிப் பிரிவு அவருடையது. நான் அதில் இளைய அதிகாரி.

பீரங்கியைத் தூரத்தில் நிறுத்திச் சுடுவதுதான் வழக்கம். நாங்கள் குதிரைகளை நாலுகால் பாய்ச்சலில் விரட்டிக்கொண்டு ரஷ்ய வரிசைக்கு எதிரே, முகம் தெரியும் தூரத்துக்குப் போனோம். பீரங்கிகளை அவிழ்த்துத் திருப்பிச் சிதறுகுண்டுகளைச் சுட்டோம். பக்கத்தில் குதிரைகள் விழுந்தன. எனக்கு இடப்புறம் நின்ற பீரங்கியில் குண்டு நிரப்புகிறவர் விழுந்தார். அவர் இடத்துக்கு வந்தவரும் விழுந்தார். மூன்றாமவர் குனிந்தபடியே நிரப்பினார். பெம் ஆள் குள்ளம், மெலிந்தவர், வெளிறிய முகம். அவர் குதிரைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்ததால் நாங்களும் அசையவில்லை. இருட்டும்வரை ரஷ்யர்கள் முன்னேறவில்லை. நம் படை தப்பியது. போர் என்னவோ தோல்விதான்.

செப்டம்பரில் வார்சா விழுந்தது. அக்டோபர் 5-ஆம் தேதி ப்ரோட்னிட்சா அருகே பிரஷ்ய எல்லையைக் கடந்தோம். எல்லையில் ஒரு மேசை, ஒரு எழுத்தர், ஒரு நோட்டு. வாளைக் கழற்றி வைத்தேன்; பெயர் எழுதிக்கொண்டார்கள். அன்றுதான் முதல்முறையாக என் பெயரை வேறொரு நாட்டின் காகிதத்தில் பார்த்தேன்; எழுத்துப் பிழையுடன். அதைத் திருத்தச் சொல்லத் தோன்றவில்லை.

சாதாரணச் சிப்பாய்களை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பிவிட பிரஷ்யர்கள் பார்த்தார்கள். பெம் அதற்கு எதிராக ஓடியாடி, இயன்றவரை ஆட்களைத் திரட்டி, ஜெர்மன் நாடுகள் வழியாக பிரான்ஸுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். வழியெங்கும் ஜெர்மானிய ஊர்களில் மக்கள் எங்களை வரவேற்ற விதத்தை மறக்க முடியாது. சாப்பாடு போட்டார்கள், காலணி கொடுத்தார்கள், எங்கள் கொடியை ஜன்னலில் தொங்கவிட்டார்கள். 1848-க்குப் பின் அதே ஊர்களில் அரசியல் பேச்சு மாறிப்போனது என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் லைப்சிக்கில் என் கிழிந்த மேலங்கியைத் தைத்துக் கொடுத்த அம்மாளை நான் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

பிரான்ஸில் எங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து அவினியோன், பெஸான்சோன், பூர்ஜ் போன்ற ஊர்களில் தங்கவைத்தார்கள். நான் பூர்ஜில் இருந்தேன். பதவிக்கு ஏற்ப மாத உதவித்தொகை. அனுமதி இல்லாமல் ஊரை விட்டு வெளியேறக் கூடாது. வெளியேறினால் எந்த வழியாகப் போகவேண்டும் என்பதும் சீட்டிலேயே எழுதியிருக்கும். சண்டை தெரிந்த இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் ஒரு சிறிய ஊரில் வேலையில்லாமல் அடைந்து கிடந்தால் என்ன ஆகும்? ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னோம். யாரால் தோற்றோம் என்று காலையில் தொடங்கும் பேச்சு இரவில் கைகலப்பில் முடியும். பெம் 1833-இல் போர்ச்சுகலில் எங்களைக்கொண்டு ஒரு படை அமைக்க முயன்றபோது, அவரைத் துரோகி என்று சொன்னவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். அந்தப் படை அமையவே இல்லை.

அந்த ஆண்டுகளில் என்னைக் காப்பாற்றியது கட்டம் போட்ட ஒரு தாள்.

பெம் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். முன்பு ராக்கெட்டுகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார், நீராவி இயந்திரங்களைப் பற்றி எழுதினார். பாரிஸில் போலிஷ் அகதிகளுக்காக ஒரு தொழில்நுட்பச் சங்கம் தொடங்கினார். பிறகு சரித்திரத்தை நினைவில் வைக்க உதவும் ஒரு முறையைப் பரப்பினார். அது வேறொரு போலிஷ் ஆசிரியர் கண்டுபிடித்தது. பெம் அதைச் செப்பனிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு நூறு சதுரம். ஒவ்வொரு சதுரமும் ஓர் ஆண்டு. அதற்குள் ஒன்பது சிறு கட்டங்கள்: போருக்கு ஒன்று, உடன்படிக்கைக்கு ஒன்று, பிறப்புக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று, இப்படி. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம். பிள்ளைகள் தேதியை உருப்போட வேண்டாம்; நிறமும் இடமும் கண்ணில் தங்கிவிடும். இதை பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் நான் சாப்பிட்டேன். பதினைந்து ஆண்டுகள். ஊரில் எங்கள் நிலத்தை ஜாரின் அரசு பறிமுதல் செய்துவிட்டது. அம்மாவின் கடிதங்கள் மாதக்கணக்கில் அலைந்து வரும். அவர் இறந்த செய்தியும் அப்படித்தான் வந்தது. கடிதத்தைப் பிரித்தபோது அவரைப் புதைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

1848 வந்தபோது எனக்கு 38 வயது. பாரிஸ், வியன்னா, பெஸ்ட், பெர்லின் என்று ஒவ்வோர் ஊராகத் தீப்பற்றியது. எங்களைக் கூட்டிப்போக யாரும் வரவேண்டியிருக்கவில்லை. "நம் சுதந்திரத்துக்காகவும் உங்கள் சுதந்திரத்துக்காகவும்" என்பது 1831-இலேயே எங்கள் கொடியில் இருந்த வாசகம். நான் அதை முழுமனதாக நம்பினேன். இன்றும் நம்புகிறேன். அதனால்தான் பின்னால் நடந்தது இவ்வளவு வலிக்கிறது.

வியன்னாவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. அக்டோபரில் பெம் அங்கே நகரப் பாதுகாப்பின் நடமாடும் படைக்குத் தலைவரானார். நான் பிராட்டர் சதுக்கத் தடுப்பரணில் இருந்தேன். 28-ஆம் தேதி ஆஸ்திரியத் தளபதி விண்டிஷ்கிரேட்ஸின் பீரங்கிகள் அதை உடைத்தன. நகரம் விழுந்ததும் பிடிபட்டவர்களைச் சுட்டார்கள். ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினரான ராபர்ட் ப்ளூமைக்கூட விடவில்லை. பெம் மாறுவேடத்தில் தப்பினார். நான் ஒரு ரொட்டிக் கடைக்காரரின் வண்டியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே வெளியேறினேன்.

ஆஸ்திரியாவை எதிர்த்து நின்ற ஹங்கேரியின் தலைவர் கொஷுத், பெம்மிடம் டிரான்சில்வேனியாப் படையை ஒப்படைத்தார். தோற்றுச் சோர்ந்திருந்த படை அது. சில வாரங்களில், கிறிஸ்துமஸ் நாளன்று, கொலோஜ்வாருக்குள் நுழைந்தோம். அவருக்கு ஹங்கேரிய மொழி தெரியாது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் கட்டளையிடுவார். ஆனாலும் சிப்பாய்கள் அவரை "பெம் அப்போ" என்றார்கள்; வீட்டுப் பெரியவரைக் கூப்பிடும் சொல். ஜனவரியில் கவிஞர் ஷாந்தோர் பெட்டோஃபி எங்களோடு வந்து சேர்ந்தார். கழுத்துத் துணி கட்டமாட்டேன் என்று மேலதிகாரிகளோடு சண்டை பிடித்தவர். பெம்மோடு பிரெஞ்சில் பேசுவார். தகப்பனும் பிள்ளையும் போல இருப்பார்கள். பிப்ரவரியில் நிலைமை தலைகீழானது. பின்வாங்கிக்கொண்டே வந்தோம். பெம்மின் விரல் அந்த நாட்களில்தான் போனது. பிப்ரவரி 9-இல் பிஷ்கி பாலத்தில் திரும்பி நின்றோம். ஒடுக்கமான பாலம். கை மாறி, மறுபடி கை மாறி, கடைசியில் எங்களிடம் நின்றது. மார்ச் 11-இல் ஹெர்மன்ஸ்டாட் நகரத்தைப் பிடித்தோம்.

ஹெர்மன்ஸ்டாட் என்பது சாக்ஸன் ஜெர்மானியர் சொல்வது. ஹங்கேரியர்களுக்கு அது நாட்செபென். ருமேனியர்களுக்கு சிபியூ. ஒரே ஊர்தான். நாங்கள் விடுதலை செய்ய வந்த நாட்டில் எல்லா ஊர்களுக்கும் இப்படி இரண்டு மூன்று பெயர் இருப்பதை நான் மெல்லத்தான் கவனித்தேன்.

டிரான்சில்வேனியா ஹங்கேரியோடு இணைய வேண்டும் என்று 1848-இல் கொலோஜ்வாரில் கூடிய சபை முடிவெடுத்தது. நாட்டில் பெரும்பான்மையோர் ருமேனியர்கள். தங்களையும் ஒரு தேசிய இனமாக ஏற்கச் சொல்லி அந்த மே மாதமே பிளாஜ் ஊர்ப் புல்வெளியில் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. இலையுதிர்காலத்தில் அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் கொன்றார்கள். ஹங்கேரிய ஊர்கள் எரிந்தன, ருமேனிய ஊர்கள் எரிந்தன. மலைகளுக்குள் அவ்ராம் யான்கு என்ற இளம் வழக்கறிஞரின் பின்னால் ருமேனிய விவசாயிகள் கடைசிவரை அடங்காமல் நின்றார்கள். அவர்கள் கேட்டதும் நாங்கள் வார்சாவில் கேட்டதும் வேறா? அந்தக் கேள்வி எனக்குள் எழுந்தபோது நான் ஹங்கேரியச் சீருடையில் இருந்தேன்.

பெம் இதை எங்கள் எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துவைத்திருந்தார் என்பது என் துணிபு. ஊரைப் பிடித்ததும் பொதுமன்னிப்பு அறிவித்தார். பழிவாங்கக் கூடாது, எல்லோரும் வீடு திரும்பலாம். கேட்டு வந்தவர்களுக்கு அபயச் சீட்டு: இந்தச் சீட்டை வைத்திருப்பவர் தளபதியின் பாதுகாப்பில் இருக்கிறார் என்று. அவற்றில் பலவற்றை எழுதியது நான். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை எழுதுவேன். விரல் மரத்துப்போனால் கணப்பில் காட்டிவிட்டு மறுபடி எழுதுவேன். ஆஸ்ட்ரோவென்காவில் உயிர் எடுத்த கை இங்கே உயிர் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த இரண்டு வாரங்களைப்போல மனநிறைவான நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை.

சாக்ஸன் கிழவி ஒருத்தி மகனுக்காகச் சீட்டு வாங்க வந்தாள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன்.

"ஐயா ஹங்கேரியரா?"

"இல்லை அம்மா. போலந்துக்காரன்."

"உங்கள் ஊரில் சண்டை முடிந்துவிட்டதா?"

"முடிந்துவிட்டது."

"அப்படியானால் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே?" என்றாள். குத்திக்காட்டும் குரலே இல்லை, உண்மையாகவே கேட்டாள். பதில் சொல்லாமல் மை காய ஊதிக் கொடுத்தேன். சீட்டை நாலாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரலில் பெம்மை பனாத் பகுதிக்கு அனுப்பினார்கள். நானும் போனேன். எழுதிய சீட்டுகள் டிரான்சில்வேனியாவிலேயே இருந்தன.

ஷ்டெஃபான் லுட்விக் ரோத் என்ற சாக்ஸன் பாதிரியாரை நான் நேரில் அறியேன். கூட்டத்தில் பார்த்தும் இருக்கலாம். இளமையில் சுவிட்சர்லாந்து போய்ப் பெஸ்டலோட்ஸியிடம் கல்விமுறை கற்றவர். 1842-இல் டிரான்சில்வேனியாவின் மொழிச் சண்டையைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதி, இந்த நாட்டுக்குப் பொதுமொழியைத் தேடவேண்டாம், அது ஏற்கெனவே இருக்கிறது, ருமேனியமொழிதான் அது என்று சொன்னவர். ஒரு ஜெர்மானியர், அந்தக் காலத்தில், இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! போரின்போது ஆஸ்திரியத் தரப்பின் நிர்வாகத்தில் பொறுப்பு வகித்தார். பெம் அவருக்கு அபயச் சீட்டு கொடுத்திருந்தார். அதை நம்பித் தன் ஊரிலேயே இருந்தார். ஏப்ரலில் அவரைக் கைது செய்து கொலோஜ்வாருக்குக் கொண்டுபோனார்கள். அவசர நீதிமன்றம் ஒன்று விசாரித்தது. மே 11-இல் சுட்டுக் கொன்றார்கள். தாயில்லாப் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். சாவதற்கு முன் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெம் கொதித்துப்போனார். நான் என் கூடாரத்துக்குப் போய் உட்கார்ந்தேன். பாதிரியாரின் பெயரை நான் எழுதினேனா? எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. நூற்றுக்கணக்கான பெயர்கள். ரோத் என்பது அந்தப் பக்கத்தில் அரிதான பெயரும் இல்லை. சீட்டை எழுத வேறு ஆட்களும் இருந்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்றேன் அல்லவா? அந்த எழுத்தைப் பார்த்துத்தான் அவர் நம்பியிருப்பாரோ என்று அன்றிரவு தோன்றியது. அது ஒரு பைத்தியக்கார எண்ணம் என்று தெரியும். போகவில்லை.

கோடையில் ரஷ்யப் படைகள் ஹங்கேரிக்குள் புகுந்தன. வார்சாவில் எங்களை முடித்த பாஸ்கேவிச்சே இங்கும் தளபதி. ஜூலை 31-இல் ஷெகெஷ்வார் அருகே எங்கள் சிறுபடை நசுங்கியது. எங்கள் முதல் குண்டுகளில் ஒன்று ரஷ்யத் தளபதி ஒருவரைக் கொன்றது. அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பெட்டோஃபியை அன்று மாலை சாலையில் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. 26 வயது. பெம் சேற்றில் கிடந்து உயிர் பிழைத்தார். ஆகஸ்ட் 9-இல் டெமெஷ்வாரில், குண்டுகள் போதாத பீரங்கிகளோடு கடைசிப் போர். அங்கே குதிரையிலிருந்து விழுந்து தோளெலும்பு முறிந்தது அவருக்கு. நான்கு நாள் கழித்து ஹங்கேரியத் தளபதி கெர்கெய் விலாகோஷில் சரணடைந்தார். அக்டோபர் 6-இல் அராத் நகரில் பதின்மூன்று ஹங்கேரியத் தளபதிகளுக்கு மரணதண்டனை.

நாங்கள் ஓர்ஷோவா பக்கமாக ஒட்டோமன் எல்லையைக் கடந்தோம். மறுபடி ஒரு மேசை, மறுபடி ஒரு நோட்டு. வாளை வைத்தேன். இந்தமுறை பெயரை நானே எழுதிக் கொடுத்தேன்.

டான்யூப் கரையில் விதின் ஊரில் கூடாரங்கள். மழை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு. தினமும் ஆட்களைப் புதைத்தோம். ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் எங்களை ஒப்படைக்கும்படி சுல்தானை மிரட்டின. இஸ்லாத்தைத் தழுவினால் யாரும் தொடமுடியாது என்று சொல்லப்பட்டது. கொஷுத் மறுத்துவிட்டார். பெம் ஒப்புக்கொண்டார். முராத் பாஷா ஆனார். ரஷ்யாவோடு மோத ஒரு படை எங்கே கிடைத்தாலும் அங்கே போகிறவர் அவர். பதினெட்டு ஆண்டுகளாக அவர் செய்ததெல்லாம் அதுதான். கூடாரங்களில் அவரைப்பற்றிக் கேவலமாகப் பேசியவர்களோடு நான் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். ஆனால் என் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க என்னால் முடியவில்லை. அம்மாவின் ஜெபமாலை சட்டைப்பையில் இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. கடைசியில் சுல்தான் யாரையும் ஒப்படைக்கவில்லை, மதம் மாறாதவர்களையும் சேர்த்து. இந்த மண்ணுக்கு நான் பட்ட கடன் அது.

ஷும்லாவில் குளிர்காலம் கழிந்தது. 1850 தொடக்கத்தில் பெம்மை அலெப்போவுக்கு அனுப்பினார்கள். புறப்படும் நாளில் வரிசையில் நின்று விடைபெற்றோம். பாதிரியாரின் சீட்டைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று இரவெல்லாம் சொற்களைக் கோத்துவைத்திருந்தேன். அவர் நாலு விரல் கையை நீட்டினார். பிடித்தேன். கேட்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 10-இல் காய்ச்சலில் அலெப்போவில் இறந்தார். 56 வயது. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

ஆதாம்போலில் பிள்ளைகளுக்கு இன்றும் அந்தக் கட்டத் தாளில்தான் சரித்திரம் சொல்கிறேன். போலந்துக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம். 1849 வரும்போது டிரான்சில்வேனியாவுக்கு என்ன நிறம் தாத்தா என்று ஒரு சிறுமி கேட்டாள். அந்தச் சதுரத்தை வெறுமையாக விட்டு 1850-க்குப் போனேன்.

1863 ஜனவரியில் போலந்து மறுபடி எழுந்தது, மறுபடி வீழ்ந்தது. அடுத்த ஆண்டு ஒரு பையன் எங்கள் கிராமத்துக்கு வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். நில அளவை தெரியும், கணிதம் தெரியும். இஸ்தான்புல்லில் சாலை வேலைகளில் போலிஷ் பொறியாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றான். எழுதினேன். பெயர், ஊர், படிப்பு, எந்தப் படைப்பிரிவில் இருந்தான். வாங்கி வாசித்தான்.

"கடைசியில் ஒரு வரி சேர்ப்பீர்களா ஐயா? நான் உங்கள் பொறுப்பில் இருக்கிறேன் என்று?"

பேனாவை மையில் தோய்த்தேன். பையன் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு, அவனுக்குப் படுக்கை போட்டுக்கொடுத்தேன். விடிகாலையில் எழுந்து வண்டி பூட்டினேன். இஸ்தான்புல் போய், அந்தப் பொறியாளர் வீட்டுக் கதவை நானே தட்டினேன்.